வடிகட்டி

பிரிட்டோரியாவில் நவம்பர்.
ஜகரண்டா மரங்கள்
தம்மிடமிருந்த ஊதாவையெல்லாம்
கொட்டித் தீர்த்துவிட்டன.
வேவர்லியில் ஒரு வீட்டின் பின்புறம்
உப்புநீர் நீச்சல்குளம்
கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் கிடக்கிறது.

லெசிபா நீளக் கம்பை உள்ளே விடுகிறான்.
ஒரு முழம் இறங்கியதும்
முனையிலிருந்த பிரஷ் காணாமல் போகிறது.
"மூன்று மூட்டை உப்பு போட்டேன்" என்கிறார்
ஹெஸ்டர் ருட்மன்.
வரித்துறையில் முப்பது வருடம் தணிக்கையாளர்.
மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறார்.

உப்பு பாசியைக் கொல்லாது, மேடம்.
சுவரில் தொங்கும் அந்தப் பெட்டியிலிருந்து
தகடுகளுக்கு மின்சாரம் போனால்தான்
உப்பு குளோரின் ஆகும்.
மின்சாரமோ
காலையில் இரண்டு மணிநேரம்
மாலையில் இரண்டு
நள்ளிரவில் இன்னொரு இரண்டு
என்று அட்டவணை போட்டு
விடுப்பில் போய்க்கொண்டிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மனிதருக்குச் சொன்னது.
பாசி அதைக் கேள்விப்பட்டதே இல்லை.
அதற்கு வெயில் போதும்
பம்பு நின்ற நீர் போதும்
அடியில் அழுகும் ஊதாப் பூ போதும்.

தகடுகளைக் கழற்றினான்.
கெண்டியின் அடியில் படிவதுபோல
வெள்ளைச் சுண்ணாம்பு.
நீர் கலந்த அமிலத்தில் இறக்கியதும்
அது சீறியது, நுரைத்தது,
கொஞ்ச நேரத்தில் வாயடைத்துப் போனது.
சோதனைக் குப்பியில் குளோரின் சுழியம்.
வெயில் தாழட்டும், என்றான்,
பகலில் ஊற்றினால் சூரியன் குடித்துவிடும்.
சுவர் முழுக்கத் தேய்த்து
இரவில் ஊற்றுவோம்.

"இன்றைக்கு வேண்டாம்."

படிக்கட்டு மூலையைக் காட்டினார்.
கமா கமாவாகக் கறுப்பு.
தேரைகள் சரம் சரமாக இட்டுப்போன முட்டைகள்
இப்போது வால் முளைத்து நீந்துகின்றன.
"நேற்றுவரை இருநூற்றுப் பதினான்கு."

அன்று மாலை மின்சாரம் போனது.
மமெலோடிக்குப் போகும் வேனைப் பிடிக்க
வாசல்வரை வந்த லெசிபா
திரும்பிப் பார்த்தான்:
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முழங்காலளவு பச்சைக்குள் ஒரு கிழவி,
கையில் தேநீர் வடிகட்டி.

செருப்பைக் கழற்றினான்.

அவன் வாளி பிடிக்க, அவர் அள்ள,
வேறு பேச்சில்லை.
அண்டை வீட்டு ஜெனரேட்டர் உறுமியது.
காலடியில் தரை எண்ணெய்போல் வழுக்கியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு,
முந்நூற்றுப் பதின்மூன்று...
"இதற்கும் வரி போடுவீர்களா, மேடம்?"
விளக்கு அவன் முகத்துக்குத் திரும்பியது,
குலுங்கியது.
அவர் சிரித்ததில்
எண்ணிக்கை தவறிப்போனது.
வடிகட்டியும் கைநழுவிப்போனது.

மிச்சத்தை உள்ளங்கையால் அள்ளினார்கள்.
எல்லாம் பிடித்தாகிவிட்டதா
என்று அவனும் கேட்கவில்லை.
மறுநாள் இருட்டியதும் குளோரின் இறங்கியது.

பச்சை சாம்பலானது.
சாம்பல் பால்கலங்கலானது.
செத்த பாசி மாவாகப் படிய
உறிஞ்சி எடுத்து,
வடிகலனைப் பின்னோக்கி அலசி,
மறுபடி தேய்த்து,
மின்சாரம் வந்தபோதெல்லாம் பம்பை ஓட்டி,
ஐந்தாம் நாள் காலை
தரை தெரிந்தது.
விரிசல் விட்ட நீல ஓடு,
ஒரு கரண்டி,
வடிகட்டி.
கம்பிவலையில் அதற்குள் துரு.
ஏணிக்குப் பின்னால் மட்டும்
பிரஷ் எட்டாத இடத்தில்
கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் திட்டு.
அதை எப்போதும்போல
அடுத்த முறைக்கு விட்டான்.

"உள்ளே வா, ஒன்று பார்க்க வேண்டும்."
ஐந்து நாளாக யாரும் குளிக்காத குளியல் தொட்டி.
ஜன்னல் வெயில் விழும் பக்கத்தில்
வெள்ளைப் பீங்கான்மேல்
மெல்லிய பச்சை.
"இதற்கு என்ன போடுவது?"

லெசிபா குனிந்தான்.
சிலவற்றுக்குப் பின்கால் முளைத்திருந்தது.
வரிசையாகச் சுவரில் வாய் பதித்து
மேய்ந்துகொண்டிருந்தன.

ஒன்றும் போடாதீர்கள், என்றான்.
சாப்பிடுகின்றன.